மூக்கு மருந்தும் தாய்மாமன் மடியும்

செட்டிகுளம் மண்டியில் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை கலைமணிக்கு ரொம்பப் பிடிக்கும். வெங்காயத்தின் முகம் பார்த்து நலம் விசாரிக்க வேண்டியதில்லை. மனச்சிதைவு நோய்க்கு வருடக்கணக்காக மாத்திரை சாப்பிடுகிறவன் அவன். காதுக்குள் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆளைக் கண்டால் மிரளுவது மட்டும் போகவில்லை. எதிரில் நிற்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்பதே அவனுக்குப் பிடிபடாது.

இப்போது தங்கை பிரவீணாவின் மகள் கவியாவுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பிரவீணாவின் மாமியார் கலியம்மாளுக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

"கூட்டத்தப் பாத்து எந்திரிச்சு ஓடிட்டான்னா மானம் போயிரும். ஒன்னுவிட்ட அண்ணன் இருக்கான்ல, அவன உக்கார வையி."

கலைமணிக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இருப்பது ஒரே தங்கை, அவளுக்கும் ஒரே பிள்ளை.

அந்தச் சமயத்தில்தான் அவனுக்கு மாத்திரை எழுதித் தரும் திருச்சி டாக்டரம்மா ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். ஆக்ஸிடாசின் என்ற மருந்தை மூக்கில் அடித்துக்கொண்டால் மனிதரோடு பழகுவது சுலபமாகிறதா என்று பார்க்கிறார்களாம். "பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் தண்ணி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாதுங்க," என்றார். டாக்டருக்கே தெரியாது என்றதும் கலைமணிக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை வந்துவிட்டது; ஆராய்ச்சியில் சேர்ந்துகொண்டான்.

மருந்தின் பெயரைக் கேட்டுக் கலியம்மாள் பதறினாள். மாடு வளர்ப்பவளுக்குத் தெரியாதா, பால் சுரக்க வைக்கத் திருட்டுத்தனமாகப் போடுகிற ஊசி அது.

"அது மாட்டு ஊசிடி. பக்கத்து வூட்டு மாடு அதுக்குப் பழகி, இப்ப கன்னுக்குட்டியக்கூட மதிக்க மாட்டேங்குது. ஒங்கண்ணனுக்கு என்ன சொரக்கப் போவுது?"

"பேச்சு சொரந்தா போதும் அத்த," என்றாள் பிரவீணா.

பேச்சு சுரக்கத்தான் செய்தது. ஆராய்ச்சியில் முகப் படங்களைக் காட்டி, இது கோபமா பயமா என்று கேட்பார்கள். அந்தப் பரீட்சையைக் கலைமணி ஊருக்கே கொண்டுவந்துவிட்டான். டீக்கடை வைத்திலிங்கத்தை உற்றுப் பார்த்து "வெறுப்பு" என்றான். போனில் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்த மண்டி முதலாளியைப் பார்த்து "பயம்" என்றான். அவனுக்குக் கிடைத்தது மருந்தோ தண்ணீரோ, சொன்னதெல்லாம் சரியாக இருந்ததுதான் தொல்லை. கலியம்மாள் அவனைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காதுகுத்து அன்று மலை முருகன் கோயிலில் நல்ல கூட்டம். பிரவீணா ஒரே பிடியாக நின்றதால் கலைமணியே உட்கார்ந்தான். கவியாவை மடியில் வாங்கிக்கொண்டான். ஆசாரி ஊசியை எடுத்ததும் கவியா வீறிட்டாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் "வலிக்காதுடா செல்லம்" என்று கூசாமல் பொய் சொன்னார்கள். கலைமணி மட்டும் குழந்தையின் முகத்தைப் பார்த்து "பயம்" என்றான்.

"எனக்கும் பயந்தான் சாமி. ஓடிரலாமான்னு இருக்கு. நீ என் கையக் கெட்டியாப் புடிச்சுக்க."

கவியா அழுகையை நிறுத்திவிட்டு அவன் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள். மாமா ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ளும் மும்முரத்தில் இருந்தவளுக்கு ஒரு காது முடிந்ததே தெரியவில்லை. மறு காதுக்கு "ஸ்ஸ்" என்றாள், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து கலியம்மாள் பேத்தியைத் தூக்க வந்தாள். கவியா அசையவில்லை.

"நான் எறங்குனா மாமா ஓடிருவாங்க அப்பத்தா."

கலியம்மாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு பந்தி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, மாமனுக்கும் மருமகளுக்கும் அங்கேயே ஒரு இலை போடச் சொன்னாள்.