வென்ற வழக்கும் அந்தோனியாரின் பாணும்

சவிரிமுத்து ஜெனீவாவில் ஓர் அரசாங்கத்தையே வென்றவர். வென்ற பிறகும் மாதம் ஒருமுறை, தோற்றவர்களின் அலுவலகத்துக்குப் போய்ப் பணிவாகக் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறார்.

மன்னார்க்காரர். கனடாவில் பிரெஞ்சு பேசும் நகரொன்றின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒரு பேஸ்மென்ட் அறையில் இருப்பு. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. அகதிக் கோரிக்கை தள்ளுபடியாகி நாடுகடத்த நாள் குறித்தபோது, அவருடைய சட்டத்தரணி கஜந்தி ஜெனீவாவில் இருக்கும் மனித உரிமைக் குழுவுக்கு முறையிட்டார். நாங்கள் விசாரித்து முடிக்கும்வரை இந்த மனிதரை அனுப்பாதீர்கள் என்றது குழு. அரசாங்கமும் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருந்ததைத் தவிர வேறெதுவும் செய்யவுமில்லை. நிரந்தர வதிவிடம் கிடைத்தால்தான் ஊரிலுள்ள மனைவி யோசெப்பினைக் கூப்பிடலாம். பார்க்கப் போனாலோ திரும்பி வரமுடியாது. இருவருக்கும் வட்ஸ்அப்பிலேயே தலை நரைத்தது.

போன பனிக்காலத்தில் தீர்ப்பு வந்தது. இவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறல். கோரிக்கையை அரசாங்கம் மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும், பங்கிலுள்ளவர்களின் நேர்த்திகளுக்கெல்லாம் தன்னைத்தானே கண்காணிப்பாளராக நியமித்திருக்கும் அஞ்சலீனா அக்கா, கோயில் வாசலில் அவரை மறித்தார். வழக்கு வென்றால் புனித அந்தோனியார் பேரில் எல்லாருக்கும் பாண் ரொட்டி கொடுப்பதாக சவிரிமுத்து நேர்ந்திருந்தார். அதை அக்காவிடமே சொல்லியும் தொலைத்திருந்தார்.

“தம்பி, பாண் எப்ப?”

“அரசாங்கம் இன்னும் பதில் சொல்லேல்லை அக்கா.”

“நீர் நேர்ந்தது வழக்குக்கோ, பதிலுக்கோ?”

ஜெனீவாவில்கூட இப்படியொரு கேள்வியை யாரும் கேட்கவில்லை.

பிறகு பதிலும் வந்தது. கஜந்தி வாசித்துக் காட்டினார். அரசாங்கம் குழுவின் கருத்தை மிகுந்த மரியாதையுடன் வரவேற்கிறது. மனித உரிமைகள்மீது அதற்குள்ள பற்று அசைக்க முடியாதது. ஆயினும் அக்கருத்து அதைக் கட்டுப்படுத்தாது. விடயம் பரிசீலனையில் இருக்கிறது. அதுவரை கையெழுத்துத் தொடரும்.

“அனுப்பவும் மாட்டினம் அண்ணை, ஏற்கவும் மாட்டினம்” என்றார் கஜந்தி.

இத்தனை மரியாதையாக யாரும் அவர் முகத்தில் கதவைச் சாத்தியதில்லை. சவிரிமுத்துவுக்கு அந்த நடை பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு அக்கா மறித்தபோது அவர் தயாராக இருந்தார்.

“அந்தோனியாற்றை தீர்ப்பை மிகுந்த மரியாதையோடை வரவேற்கிறன் அக்கா. ஆனா அது என்னைக் கட்டுப்படுத்தாது. பாண் பரிசீலனையிலை இருக்கு.”

அக்கா சிலுவை போட்டுக்கொண்டார்.

சவிரிமுத்துவின் யோசனை பழுதில்லாதது. பாண் கொடுக்காதவரை புனிதருக்கு வேலை பாக்கி. கொடுத்துவிட்டால், காரியம் முடிந்ததென்று கையைத் தட்டிவிட்டு, பூட்டுத் திறப்பைத் தொலைத்த வேறு யாருக்காவது உதவப் போய்விடுவார். அரசாங்கத்தை அசைக்க இவர் கையில் மிஞ்சியிருந்த ஒரே பிடி அந்தப் பாண்தான்.

அன்று பின்னேரம் இந்த இராசதந்திரத்தை யோசெப்பினுக்குப் போனில் விளக்கினார். படம் உறைந்துவிட்டதென்று நினைத்தார். உறைந்திருந்தது யோசெப்பின்.

“இஞ்சருங்கோ, நான் குடுத்திட்டன்.”

“என்னத்தை?”

“பாணைத்தான். வெண்டாச்செண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அந்தக் கிழமையே எங்கட கோயிலிலை குடுத்திட்டன். சூட்கேசும் அடுக்கி வைச்சிட்டன்.”

ஆக, பரலோகத்தில் வழக்கு முழுமையாக நிறைவேற்றப்பட்டு முடிந்துவிட்டது. பூலோகத்தில் இன்னும் தொடங்கவில்லை. இரண்டுக்கும் இடையில் சவிரிமுத்து மெட்ரோ ஏறி, கையெழுத்து வைக்கப் போனார்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் வழக்கம்போல் “பொன்ஜூர்” சொல்லிச் சிரித்தாள். பேனையை நீட்டினாள். வழக்கமான கேள்வியையும் கேட்டாள்: போன தடவைக்குப் பிறகு உங்கள் நிலைமையில் ஏதாவது மாற்றம் உண்டா?

சவிரிமுத்து ஜெனீவாவை நினைத்தார். ஊரே தின்று முடித்த பாணை நினைத்தார். மன்னாரில் கட்டிலடியில் பூட்டிக் கிடக்கும் சூட்கேசை நினைத்தார்.

“நோன்” என்றார். இல்லை என்கிற அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் பிசகில்லாத பிரெஞ்சில் சொல்லுவார்.