கரையில் கயிறு பிடிப்பவர்

“என்னடா, தொட்டில்ல புள்ளையப் போடற மாதிரி எறியற? வீசுடா, சோம்பேறி!” என்று கத்தியபடியே, பறந்துவரும் கயிற்றை நெஞ்சோடு வாங்கி, துறைமேடையின் இரும்புத் தூணில் இறுக்குகிறார் கயிற்றுக்காரர். படகு ஒரு முனகலோடு அடங்குகிறது. எதிரி நாட்டையே கட்டி இழுத்துவந்த தளபதியைப் போல அவர் கையைத் தட்டிக்கொள்கிறார்.

இந்த வேலைக்கு அவரை நியமித்தவர் யார் என்று துறைமுகத்தில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. சம்பளம், கூடையில் அள்ளும்போது சிதறுகிற மீன். அதிகாரமோ எல்லையற்றது. கரை சேரும் ஒவ்வொரு படகையும் திட்டித்தான் வரவேற்பார். வெறும் வலைக்கு ஒரு வசவு, நிறைந்த வலைக்கு இரண்டு. அவரிடம் வாங்கிக்கட்டிக்கொள்ளும்வரை, உயிரோடு திரும்பிவிட்டோம் என்று படகுக்காரர்களுக்கே நம்பிக்கை வருவதில்லை. “இன்னிக்கு மரியாதையாப் பேசறாரு, உடம்புக்கு என்னவோ” என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு.

விதிவிலக்கு ஒரே ஒரு நீலப்படகு. அதை ஓட்டுகிறவன், அவருடைய மகளை அவரைக் கேட்காமல் கட்டிக்கொண்டவன். அந்தக் கயிற்றையும் பிடிப்பார், கட்டுவார். தொழிலில் பாரபட்சம் கூடாது. வசவு மட்டும் கிடையாது. “மாமா, நாயேன்னாவது ஒரு வார்த்தை சொல்லுங்க” என்று மருமகன் கெஞ்சியும் பார்த்தான். அவர் தீவிரமாக மேகம் பார்த்தார்.

ஒருநாள் காற்று பேயாட்டம் ஆடி ஓய்ந்தபின் எல்லாப் படகுகளும் வந்துவிட்டன, நீலப்படகைத் தவிர. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் இரைச்சல்தான் பதில். மகள் துறைமேடைக்கு வந்து நின்றாள். கயிற்றுக்காரர் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்யாணத்திலிருந்து சேர்த்துவைத்த வசவையெல்லாம் கடல் மீது கொட்டிக்கொண்டிருந்தார்.

“இவனெல்லாம் ஒரு டிரைவரு! குளத்துல விட்டாலே கரை தெரியாது.”

“அவரு வந்ததும் நேர்ல திட்டுப்பா.”

“வந்தா தோலை உரிக்கிறேன் பாரு.”

“‘வந்தா’ன்னு சொல்லாதப்பா. வருவாரு.”

அவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த படகுகளின் கயிறுகளை மறுபடி இறுக்க ஆரம்பித்தார்.

வெயில் சாயும் நேரத்தில், தேடப்போன படகு ஒன்று நீலப்படகை இழுத்துக்கொண்டு வந்தது. மேல்கூரையைக் காணோம். இன்ஜின் செத்திருந்தது. ஆட்கள் அத்தனைபேரும் இருந்தார்கள். மேடைக்குக் கிட்டே வந்ததும் இழுவைக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. இன்றைக்கு விழப்போகும் திட்டைக் கேட்க ஐஸ் உடைக்கிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள்.

உப்புப் பூத்த முகத்தோடு மருமகன் முன்னால் வந்து கயிற்றை வீசினான். கயிற்றுக்காரர் பிடித்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

“கட்டுங்க மாமா, தண்ணி இழுக்குது.”

இரும்புத் தூண் பக்கத்திலேயே இருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவில்லை. கயிற்றைத் தன் இடுப்பில் சுற்றி, குதிகாலைச் சிமென்டில் ஊன்றிக்கொண்டார். படகு அவரை ஓரடி இழுத்தது. அவர் விடவில்லை.