எட்டு டிஸ்க்குக்கும் சந்தனப் பொட்டு

எங்கள் நிறுவனத்தின் முதல் ரத்தம் தொடங்கிய அன்றைக்கே சிந்திவிட்டது. சென்னையில் மூடிப்போன ஒரு கால் சென்டரிலிருந்து நாலு பழைய சர்வர்களை வாங்கி, பார்சல் லாரியில் திருச்சி பால்பண்ணை நிறுத்தம் வரைக்கும் வரவழைத்து, அங்கிருந்து லோடு ஆட்டோவில் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்திருந்தோம். ஒவ்வொன்றும் ஒரு சுமாரான ஆட்டுக்கடாவின் எடை. மாடிப்படியில் தூக்கும்போது அதன் தகட்டு விளிம்பு என் உள்ளங்கையை வெண்டைக்காய் அரிவதுபோல் அரிந்தது. என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, கீழ்ப்படியில் நின்று மொத்தக் கனத்தையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டு, "விட்டுறாதீங்க மாமா, விட்டீங்கன்னா எங்கக்கா ஒரே நாள்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து அழணும்" என்றான்.

நான் விடவில்லை. வீரம் ஒன்றுமில்லை, விரல் மாட்டிக்கொண்டிருந்தது.

அதுவரை நான் ஒரு இன்ஜினீயரிங் காலேஜில் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தவன். முதலில் அங்கே மாணவர்கள் குறைந்தார்கள், பிறகு நான் குறைந்தேன். மைத்துனனுக்கு தில்லைநகரில் யூ.பி.எஸ்., பேட்டரி ரிப்பேர். ஒரு வெப்சைட் என்பது எங்காவது ஒரு கம்ப்யூட்டரில் இருபத்துநாலு மணி நேரமும் குடியிருக்க வேண்டிய சமாசாரம். சமயபுரத்து லாட்ஜும் தொட்டியத்து வாழைத்தார் மண்டியும் ஏன் அமெரிக்காவில் குடியிருக்க வேண்டும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் நாமே ஒரு ஒண்டுக்குடித்தனம் கட்டி வாடகைக்கு விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நாற்பத்தாறு வயதில் தோன்றும் யோசனைகளை உடனே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். நான் மைத்துனனிடம் காட்டினேன்.

சர்வருக்குள் இருக்கும் காற்றாடிகள் சாதாரணக் காற்றாடிகள் அல்ல. நாலையும் ஒன்றாகப் போட்டால், ஒரு பெட்டிக்குள் நாற்பது பேரைக் கழுத்தைப் பிடித்து அமுக்குவது மாதிரி ஒரு கிறீச்சல். கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரர் தினம் இரண்டு வேளை பிரபந்தம் சேவிக்கிற பெரியவர், பரம சாது. முதல் வாரம் உலக்கையால் மேல்தளத்தை இடித்தார். இரண்டாம் வாரம் கடப்பாரையோடு மாடிக்கு வந்தார்.

"பெருமாள் திருநாமம் என் காதுலயே விழமாட்டேங்கறது ஓய்! நீர் நிறுத்தறீரா, நான் நிறுத்தட்டுமா?"

மைத்துனன் நடுவில் போய் நின்றான். கடப்பாரை அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நடுங்கியது. "சாமி, அடிக்கிறதுன்னா என்னை அடிங்க. மெஷின் செகண்ட் ஹேண்டு, பார்ட்ஸ் கெடைக்காது" என்றான். பெரியவர் இறங்கிப் போனார். சுவருக்கெல்லாம் தெர்மாகோல் ஒட்டிச் சத்தத்தைப் பாதியாக்கினோம். அவன் நடுவில் நின்றபோது நான் எங்கே இருந்தேன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஸ்டெபிலைசருக்குப் பின்னால் இருந்தேன்.

எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய ஆள் ஒரு கல்யாண மண்டபத்துக்காரர். மண்டபம் டோல்கேட் தாண்டி சமயபுரம் ரோட்டில் இருந்தது. என்றைக்கு மண்டபம் காலி, என்றைக்கு புக்கிங் என்பதைக் காலண்டர் மாதிரிக் காட்டும் வெப்சைட் ஒன்றைச் செய்து எங்கள் சர்வரில் வைத்தோம். காலியாக இருந்தால் பச்சை, போய்விட்டால் சிவப்பு. அவர் நீளமான ஒரு நோட்டு வைத்திருந்தார். அதில் ஒவ்வொரு முகூர்த்தத் தேதிக்கும் எதிரே பெயர் எழுதி, ஓரத்தில் மஞ்சள் தடவியிருப்பார்.

"இனிமே நோட்டு எதுக்குங்க?" என்றேன். "நோட்டு தொலையும், கரையான் அரிக்கும். எங்ககிட்ட ஒவ்வொரு சர்வர்லயும் எட்டு டிஸ்க். ஒண்ணு போனாலும் மத்தது தாங்கிக்கும்."

அவர் அந்த நோட்டைப் பேரனுக்குக் கணக்குப் போடக் கொடுத்துவிட்டார்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மைத்துனன் தன் கடையில் ஸ்க்ரூ டிரைவர் வரைக்கும் பொட்டு வைத்துவிட்டு நேரே ஸ்ரீரங்கம் வந்தான். சர்வர்களை முறையாக நிறுத்தினான். முகப்பில் பொட்டு வைத்தான். பிறகு அவனுக்கு ஒரு நியாயம் தோன்றியது. உழைக்கிறது உள்ளே இருக்கிற டிஸ்க்குகள், வெளித்தகட்டுக்குப் பொட்டு வைத்தால் போதுமா? மண்டபத்துக்காரரின் தேதிகள் இருந்த சர்வரிலிருந்து எட்டு டிஸ்க்கையும் தட்டோடு உருவி, வாழையிலையில் வரிசையாக அடுக்கி, துடைத்து, ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனமும் குங்குமமும் இட்டு, கற்பூரம் காட்டித் திரும்பச் சொருகினான். எது எந்த இடத்தில் இருந்தது என்று அவன் பார்த்துவைக்கவில்லை. எட்டும் எட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒரே முகம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தேன்.

அவன் பூசணிக்காயை எடுத்துக்கொண்டு கீழே தெருவுக்குப் போனான். நான் சர்வரைப் போட்டேன். டிஸ்க்குகள் புதிதாகத் தெரிகின்றன, என்ன செய்யட்டும் என்று திரை கேட்டது. ஒரு பொத்தான் பழைய அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளச் சொல்லும். அதை அழுத்தியிருந்தால் டிஸ்க்குகள் எந்த வரிசையில் இருந்தாலும் தாமாகவே ஒன்றுகூடியிருக்கும் என்று மூன்று நாள் கழித்துக் கையேட்டில் படித்தேன். இன்னொரு பொத்தான் 'க்ளியர்'. திரையில் வந்து மறிக்கும் செய்தியைத்தான் க்ளியர் செய்யும் என்று நினைத்தேன். கீழே பூசணிக்காய் தரையில் மோதிச் சிதறும் சத்தம் கேட்டது. அதே நொடியில் அழுத்தினேன். "உறுதியா?" என்று கேட்டது. உறுதி என்றேன். வாழ்க்கையில் நான் உறுதியாக எடுத்த முடிவுகள் இரண்டோ மூன்றோதான். அவற்றில் இது ஒன்று.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். குங்குமத் தண்ணீர் கலந்த பூசணிச் சதை, விபத்து நடந்த இடம் போல ரோட்டில் கிடந்தது. மைத்துனன் மேலே வந்து, தேதியெல்லாம் அழிந்து வெறுமையாக இருந்த திரையைப் பார்த்தான்.

"நான் டிஸ்க்கைக் கழட்டுனதாலயா மாமா?"

"இருக்கலாம்" என்றேன்.

எழுதும்போது சின்ன வார்த்தையாகத்தான் இருக்கிறது.

கையில் இருந்த ஒரே பேக்கப் ஆடி அமாவாசையன்று எடுத்தது. அம்மா மண்டபப் படித்துறையில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு வந்த கையோடு எடுத்திருந்தேன். இரண்டையுமே வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும் என்று என் மனதில் பதிந்திருக்க வேண்டும். அதைப் போட்டு, ஆவணி, புரட்டாசியில் வந்த புக்கிங்குகளை மண்டபத்துக்காரரின் செல்போன் செய்திகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தோம். செய்தி வராமல் புக்கிங் ஏதாவது இருந்திருக்குமா என்று மைத்துனன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவரிடம் உண்மையைச் சொல்லி ஒவ்வொரு தேதியாக உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றான். நான் போன் போட்டு, "சின்ன மெயின்டனன்ஸ்ங்க. எல்லாம் வந்துருச்சு" என்றேன்.

ஒன்று வரவில்லை. ஐப்பசியில் ஒரு முகூர்த்தம் பச்சையாகவே நின்றது. அவசரமாகக் கல்யாணம் வைத்த இன்னொரு குடும்பம் அதை எடுத்துக்கொண்டது. இரண்டு வீட்டுப் பெண்ணின் அப்பாவும் மண்டபத்துக்காரருக்குப் போன் செய்து ஜெனரேட்டர், தண்ணி லாரி என்று விசாரித்திருக்கிறார்கள். தேதி ஒன்றாக இருந்ததால் இரண்டும் ஒரே ஆள் என்று அவர் நினைத்திருக்கிறார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் மதியம் மூன்றரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை, பாத்திரங்கள் விழும் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பேரும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம்.

பரணிப் பாட்டுகளில் போர் முடிந்த பிறகுதான் பேய்கள் அடுப்பு மூட்டும். இங்கே அடுப்பு மூட்டியதில்தான் போரே ஆரம்பித்திருந்தது. ஒரு வீட்டுச் சமையல் மாஸ்டர் பருப்பை வேகவைத்திருந்த நேரத்தில், இன்னொரு வீட்டு மாஸ்டர் ஆட்களோடு உள்ளே வந்து, "யாரைக் கேட்டு அடுப்புல கை வெச்ச?" என்று அண்டாவை எட்டி உதைத்திருக்கிறார். கொதிக்கிற பருப்புத் தண்ணீர் ஒருவன் பாதத்தில் விழுந்து தோல் வாழைப்பட்டை மாதிரி உரிந்திருந்தது. நாங்கள் போகும்போது அவன் குழாயடியில் உட்கார்ந்து சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தான். வாசலில் ஏணிமேல் நின்று ஒரு மணமக்களின் பிளெக்ஸைக் கட்டிக்கொண்டிருந்தவனை மற்ற மணமக்களின் சித்தப்பா ஏணியோடு சாய்த்தார். விழுந்தவன் எழுந்து அவர் காதைக் கடித்தான். கரண்டிகளும் தேங்காய்களும் பறந்தன. பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரியவர் இன்னொரு பெரியவரின் தலையைக் கோலத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோலம் சிவந்து அழிந்தது. நாகஸ்வரக்காரர் மட்டும் வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேனுக்கு அடியில் படுத்திருந்தார். அன்று அங்கே அவரைத் தவிர யாருக்கும் புத்தி இல்லை.

மண்டபத்துக்காரரின் சட்டைக் காலரை இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு கைகள் பிடித்திருந்தன. எங்களைப் பார்த்ததும், "இதோ வந்துட்டானுங்க! இவனுங்க மெஷின்தான் பச்சை காட்டுச்சு! இவனுங்களைக் கேளுங்க!" என்று கத்தினார்.

கூட்டம் திரும்பியது. தன் எதிரி யாரென்று தெரியாமல் இவ்வளவு நேரம் திணறிக்கொண்டிருந்த கூட்டம்.

"எவன்டா மெஷின்காரன்?"

நான் வாயைத் திறந்தேன். வாய் திறந்தபடியே இருந்தது. மைத்துனன் ஓரடி முன்னால் போனான். "நான்தாங்க. ஆயுத பூஜைக்கு டிஸ்க்கைக் கழட்டிப் பொட்டு வெச்சேன். அதுல உங்க புக்கிங் அழிஞ்சு போச்சு. என் தப்புங்க, மன்னிச்சுக்..."

டிஸ்க் என்றால் என்ன என்று அங்கே யாருக்கும் தெரியாது. என் தப்பு என்பது எல்லோருக்கும் புரிந்தது. கடிபட்ட காதில் ரத்தம் வழிய அந்தச் சித்தப்பா மடக்கு இரும்பு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கினார். மைத்துனன் கையைக் குறுக்கே கொடுத்தான். முருங்கைக் கிளை முறிகிற சத்தம். அவன் விழுந்தான். விழுந்தவனை நாலைந்து கால்கள் மிதித்தன. கல்யாணத்துக்கென்று வாங்கிய புதுச் செருப்புகள். நான் அவன்மேல் விழுந்து மறைத்தேன் என்று எழுத ஆசைதான். யாரோ என் காதோடு சேர்த்து ஓர் அறை விட்டார்கள், நான் பந்தக்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஒரு வேனிலிருந்து கல்யாணப்பெண் இறங்கி வந்தாள். காய்ந்தும் காயாத மருதாணிக் கைகளை முன்னால் நீட்டிப் பிடித்தபடி, மிதித்துக்கொண்டிருந்தவர்களைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நடுவில் நின்றாள்.

"எங்களுக்கு முகூர்த்தம் ஒம்பதுலேர்ந்து பத்தரை. உங்களுக்கு எப்பங்க?"

கோலத்தில் கிடந்த பெரியவர் தலையைத் தூக்கி, "ஆறுலேர்ந்து ஏழரைம்மா" என்றார்.

"அப்பறம் எதுக்குங்க அடிச்சுக்கிறீங்க?"

நாற்காலியைத் தூக்கியவர் அதை மெதுவாக விரித்து அதிலேயே உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலையில் ஒரே மண்டபத்தில், ஒரே நாகஸ்வரத்தில், இரண்டு கல்யாணமும் நடந்தன. இந்தக் கேள்வியைக் கால்மணி நேரம் முன்னால் யாராவது கேட்டிருந்தால் ஒரு முழங்கை எலும்பு மிச்சம்.

பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று நாள் அவன் எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்து, பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "என்னாலதான் எல்லாம். மாமா பாவம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாமா பாவம் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் காலையில், அந்தத் தொழிலே தனக்கு வேண்டாம், தன் கை பட்டால் விளங்காது என்றான். நான் உரித்த ஆரஞ்சைக் கட்டிலில் வைத்தேன். சொல்லிவிட்டேன். திரை, இரண்டு பொத்தான், க்ளியர், கையேடு, எல்லாவற்றையும்.

அவன் நல்ல கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"நான் கழட்டுனதால இல்லையா?"

"இல்ல மாப்ள."

"அந்த ஆளு சேரைத் தூக்குனப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"உன் பின்னாடி."

மாவுக்கட்டு இவ்வளவு வேகமாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. என் முன்பல் ஒன்று பாதியாக உடைந்து, நாக்கில் சோற்றில் கிடந்த கல் மாதிரி உருண்டது. கட்டில், சட்டை, ஆரஞ்சுத் தோல் எல்லாம் ரத்தம். மாவுக்கட்டும் நீளவாக்கில் விரிந்துவிட்டது. அவன் வலியில் பல்லைக் கடித்தான். அவனுக்குக் கடிக்க முழுப் பல் இருந்தது. சத்தம் கேட்டு என் மனைவி தோசைக் கரண்டியோடு வந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். கதவோரம் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள் போல.

"டேய், கையை அசைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றாள் தம்பியிடம். தரை துடைக்கிற துணியை எடுத்து என் மடியில் எறிந்துவிட்டுப் போனாள்.

மறுபடி ஆஸ்பத்திரி. எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டதற்கு மைத்துனன் என் பக்கம் கையைக் காட்டினான். "இவர்கிட்ட கேளுங்க சார். இனிமே எல்லாத்துக்கும் இவருதான் பதில் சொல்லுவாரு." சொன்னேன். புதுக் கட்டுப் போட்டு வெளியே வந்ததும் வண்டியின் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "டோல்கேட்டுக்கு விடுங்க" என்றான்.

மண்டபத்தில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மண்டபத்துக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புது நோட்டு ஒன்றில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் இன்னும் நகக்கீறல். மைத்துனனின் கட்டைப் பார்த்ததும் பேனாவை வைத்தார். என் வாயைப் பார்த்தார்.

"என்னங்க ஆச்சு? உக்காருங்க" என்று பக்கத்திலிருந்த மடக்கு இரும்பு நாற்காலியை எடுத்தார்.

நான் நின்றுகொண்டே சொன்னேன்.