உற்பத்தி ஏறிய மாதங்கள்

என் சித்தி வாஷிங் மெஷின் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நான் நாடு நாடாகச் சுற்றிக்கொண்டிருந்த வருடங்களில் அவளிடமிருந்து வந்த செய்திகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்: "சாப்பிட்டியா? இங்க லைன் நல்லா ஓடுது." திரும்பி வந்து அவள் வீட்டு மாடியறையில் பெட்டியை இறக்கிய பிறகுதான் கவனித்தேன், அந்த வீட்டில் வாஷிங் மெஷின் கிடையாது. சித்தப்பாவின் சட்டைகளைக் குளியலறையில் கையால் கசக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தி இது?"

"நாள் பூரா அது மூஞ்சியத்தான் பாக்குறேன். வீட்டுக்கு வந்தா இவர் மூஞ்சி. மூணாவதா ஒண்ணு எனக்குத் தாங்காதுடி."

உள்ளேயிருந்து சித்தப்பா இருமினார்.

அவளுடையது கதவு பொருத்தும் லைன். டிரம் மாட்டிய பெட்டிகள் பெல்ட்டில் ஊர்ந்து வரும். பெண்கள் அவற்றின் வாயைச் சுற்றி ரப்பர் வளையத்தை அமுக்கி, கண்ணாடிக் கதவை மாட்டி, தண்ணீர் விட்டுப் பார்த்து அனுப்புவார்கள். எல்லோருக்கும் அவள் அக்கா. அவளோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்து, பக்கத்தில் நின்று ஸ்க்ரூ முடுக்கியவன்தான் இப்போது உற்பத்தி மேலாளர். மாலைக் கல்லூரியில் படித்து மேலே போனவன். அவனுக்குப் பெண் பார்க்கப் போனவர்களில் சித்தியும் ஒருத்தி. அவனைத் தம்பி என்பாள். ஆனால் தொழிற்சாலைக்குள் மறக்காமல் நீங்க, வாங்க.

இரண்டு மூன்று வருடமாக உற்பத்தி இறங்கிக்கொண்டே இருந்ததாம். பெல்ட் சும்மா கிடக்க, பெண்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. நான் வந்த சமயத்தில் நிலைமை தலைகீழ். இரண்டு ஷிப்டும் முழுதாக ஓடின. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. வாசலில் தொங்கும் பலகையில் அன்றைய எண்ணிக்கை முந்தின நாளைவிடக் கூடியிருக்கும். தம்பி எல்லோரையும் கேன்டீனில் உட்காரவைத்து, சுவரில் படம் போட்டுக் காட்டினான். சந்தை வளர்கிறது, முன்பக்கக் கதவு மெஷினுக்குத்தான் இனி கிராக்கி, அடுத்த வருடம் இன்னும் ஏறும் என்றான். விற்பனைக் கோடு மேலே ஏறி, படத்தின் ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றதாம். சித்தி கையை உயர்த்தி எனக்கும் நடித்துக் காட்டினாள்.

அதே நேரத்தில் நகரத்தின் மறுமுனையில் ஒரு ஃபிரிட்ஜ் கம்பெனி புதிதாக ஆள் எடுத்தது. சித்தியின் லைனில் பாதிப் பேருக்கு அங்கே வேலை கிடைத்துவிட்டது. அவர்களில் ஒருத்தியை எல்லோரும் நெட்டை என்பார்கள். கதவு நிலையில் இடித்துக்கொள்ளாமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய முடியாதவள். எங்கள் வீட்டிலும் இடித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள்.

"அக்கா, நாளைக்குள்ள பதில் சொல்லணும். போகவா, இருக்கவா?"

"நேத்தே தம்பிகிட்ட கேட்டுட்டேன்டி. இவ்ளோ ஆர்டர் கையில இருக்கும்போது எவனாவது போவானான்னு சிரிக்கிறான்."

"அவரு சிரிப்பாரு. நீங்க சொல்லுங்க."

"சத்தியமா சொல்றேன், இரு. புது இடத்துல போய் ஏன் ஆனா, ஆவன்னாவிலேர்ந்து ஆரம்பிக்கணும்?"

நெட்டை இருந்துவிட்டாள். அவள் இருந்ததால் மற்றவர்களும் இருந்தார்கள். ஃபிரிட்ஜ் கம்பெனி வேறு ஆட்களை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தியது.

சில வாரம் கழித்து, அனுப்பிய மெஷின்களில் ஒரு தொகுதிக்குக் கைப்பிடி ஆடுகிறது என்று தெரிந்தது. சரிசெய்ய சித்தியே டூல் பெட்டியோடு கிடங்குக்குப் போனாள். ஆர்டர் குவிகிற காலத்தில் கிடங்கு காலியாகத்தானே இருக்க வேண்டும்? கூரைவரை அடுக்கியிருந்தது. பிளாஸ்டிக் உறைமேல் தூசி. மழைக்கு முன்னால் அவள் லைனிலிருந்து போன மெஷின்கள்கூட அங்கேயே இருந்தன.

"என்னண்ணே, லாரிக்காரங்க எல்லாம் தூங்கிட்டாங்களா?" என்று கிடங்குக்காரரிடம் கேட்டாள்.

"லாரி வருதும்மா. இதைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு. இங்க இருக்கிற லைனைக் கழட்டி, கப்பல்ல ஏத்தி, வெளிநாட்டுல கொண்டுபோய் மாட்டணும்ல? அதுவரைக்கும் கடைக்குச் சரக்கு வேணாமா? பக்கத்துல இன்னும் ரெண்டு கோடவுன் இப்படித்தான் ரொம்பிக் கெடக்கு." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க தம்பி சொல்லலையா?"

இடம் மாறுகிற எந்தக் கம்பெனியும் இப்படித்தான் முதலில் சரக்கைச் சேர்த்துக்கொள்ளும் என்று பின்னால் பலர் விவரமாகச் சொன்னார்கள். லைனில் நிற்பவர்களுக்கு ஏறுகிற எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். ஏறினால் நல்லது என்றுதான் அவர்களுக்குப் பழக்கம்.

சித்தி நேராக மாடியிலிருந்த மேலாளர் அறைக்குப் போனாள். அவன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்கக்கா."

"உக்கார வரல. லைனைத் தூக்குறியா?"

அந்தக் கட்டிடத்துக்குள் அவனிடம் அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை.

"மேல எடுத்த முடிவுக்கா. நான் என்ன பண்ண முடியும்?"

"அப்போ கேன்டீன்ல படம் போட்டியே?"

"அதுல என்ன பொய்? மார்க்கெட் வளருது. நம்ம மெஷின் விக்குது. அடுத்த வருஷம் இன்னும் விக்கும்."

"எவ செஞ்ச மெஷின்?"

அவன் ஜன்னலைப் பார்த்தான்.

"அந்தப் பிள்ளைங்கள இருங்கடின்னு என் வாயால சொல்ல வெச்சியேடா."

"பாதி ஆளு போயிருந்தா சரக்கு சேந்திருக்காதுக்கா. உண்மையச் சொல்லியிருந்தா நீங்க லைனை ஓட்டியிருப்பீங்களா?"

"உனக்கு என்ன வழி?"

"என்னை அங்க கூப்பிட்டிருக்காங்க. பசங்களுக்கு ஸ்கூல் பாத்தாச்சு."

பின்னால் இதை எனக்குச் சொன்னபோது சித்தி, "அவன் என்னை ஏமாத்தியிருந்தா திட்டிட்டுப் போயிருப்பேன். என்னை வெச்சுல்ல ஏமாத்தினான்," என்றாள்.

கீழே இறங்கி வந்து லைனின் சிவப்புப் பொத்தானை அடித்தாள். பெல்ட் நின்றது. ஒரு மெஷின் ரப்பர் வளையம் பாதி தொங்க நடுவழியில் நின்றது. காலிப் பெட்டி ஒன்றின்மேல் ஏறி, கிடங்கில் பார்த்ததையும் மாடியில் கேட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கத்துவார்கள், அழுவார்கள், தன்னோடு சேர்ந்து மாடிக்கு வருவார்கள் என்று நினைத்தாள்.

நெட்டைதான் முதலில் பேசினாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"இப்பத்தாண்டி."

"அக்கா, தம்பின்னு ஒரே டப்பாவுல சாப்பிட்டவங்க. உங்களுக்குத் தெரியாமலா இருந்துச்சு?"

"சத்தியமா தெரியாதுடி."

"அன்னிக்கும் சத்தியமாத்தான் சொன்னீங்க."

"அக்காவுக்கும் கப்பல்ல ஒரு சீட்டு போட்டிருப்பாங்க," என்று பின்னாலிருந்து ஒரு குரல். யாரோ சிரித்தார்கள்.

நெட்டை கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சித்தியைத் தாண்டிப் போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மேடம். இருக்கிற வரைக்கும் வர்ற கூலியையாவது கெடுக்காதீங்க."

பெல்ட் நகர்ந்தது. பெண்கள் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள். சித்தி பெட்டியிலிருந்து இறங்கி, அவர்கள் கை படாத தூரத்தில் போய் நின்றாள்.