இதயத்துக்கு ஒரு குறையுமில்லை

லிஃப்ட் மெக்கானிக்குகள் நடுவே அவருக்கு ‘சாவி’ என்று பெயர். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில் ஆள் இறங்கினால், மேலே இயந்திர அறையில் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் மறுவேலை பார்ப்பார். இருபத்தாறு வருடத்தில் அவரோடு வேலை செய்த எவனுக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அவரும் யாரோடும் சிரித்துப் பேசியதில்லை.

ஐம்பத்துமூன்று வயதில் பைபாஸ் அறுவை நடந்தது. மூன்றே மாதத்தில் மூச்சு வாங்காமல் படியேறினார். நெஞ்சுவலி போன இடம் தெரியவில்லை. ஆனால் வேறெதுவோ அதோடு சேர்ந்து போயிருந்தது. ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டே ஸ்பேனரைத் தேடினார். பேச்சின் நடுவே ஒரு சொல் நழுவும். மனைவி எடுத்துக் கொடுத்தால், உன்னைக் கேட்டேனா என்று எரிந்து விழுவார். அவள் எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினாள். கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று அதற்கும் திட்டு.

மனைவியின் தம்பிதான் வேலையில் அவருக்கு ஜோடி. தான் முடுக்கிய நட்டுகளை மச்சினன் பின்னாலேயே வந்து தொட்டுப் பார்ப்பதை ஒருநாள் கண்டுவிட்டார். வேவு பார்க்கிறான் என்று மனதில் முடிந்து வைத்துக்கொண்டார்.

பிறகொரு நாள் ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. மச்சினன் குழியில் இறங்கினான். இவர் மேலே சுவிட்சைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். காவலாளி ஏறி வந்து, லிஃப்ட் எப்போது ஓடும் என்று கேட்டார். இவர் “இதோ” என்று பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார். குழியில் ஆள் இருக்கும் நினைவே அந்த நேரம் அவரிடம் இல்லை.

லிஃப்ட் நகரவில்லை. குழிக்குள் இருந்த நிறுத்துப் பொத்தானை மச்சினன் அழுத்தி வைத்திருந்தான். தலைக்கு மேலே லிஃப்டின் மின்விசிறி சுழல ஆரம்பித்த சத்தம் கேட்டதும் வெளியே வந்து, ஏழு மாடியும் ஏறினான்.

“நான் உள்ள இருக்கேன்னு தெரியுமா, தெரியாதா?”

“வெளிய வந்துட்டேன்னு நீதானே குரல் கொடுத்தே.”

“கொடுக்கல மாமா.”

“கொடுத்தே.”

மச்சினன் காவலாளியைப் பார்த்தான். காவலாளி தரையைப் பார்த்தார்.

“முன்னெல்லாம் நீங்க மேல இருந்தா நான் அந்தப் பொத்தானைத் தொட்டதே இல்ல. இப்ப மூணு மாசமா அழுத்திட்டுத்தான் வேலை செய்றேன்.”

பளாரென்று அறைந்தார். அவன் திருப்பி அடிக்கவில்லை. நேரே முதலாளியிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

வீட்டில் மனைவி தட்டை வைத்துவிட்டு, அவன் செத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள். கூடப் பிறந்த பாசம் பேசுகிறது என்றார்.

முதலாளி சொன்னதால் அறுவை செய்த டாக்டரிடம் போனார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்து முகம் மலர்ந்தார். “இதயத்துக்கு ஒரு குறையுமில்ல.”

“அப்ப என் தலையை எங்க வெச்சுத் தைச்சீங்க?”

டாக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. வேறொரு அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, சற்றுப் பொறுத்துத் திருப்பிக் கேட்டாள். ஒன்றுதான் வந்தது. இந்த அறுவைக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆவதுண்டு, சிலருக்குத் தேறும், சிலருக்கு முழுதாகத் தேறாது, இனி ஆபத்தான வேலை வேண்டாம் என்றாள்.

“இதை முன்னாடியே ஏன் யாரும் சொல்லல?”

“ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போது சொன்னாங்களே” என்றாள் மனைவி.

தான் மறந்துவிட்டாரா, அவள் டாக்டருக்குப் பரிந்து பேசுகிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. வீடு வரும்வரை அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

இப்போது அவருக்குக் கம்பெனி ஆபீசில் போன் மேஜை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால் முகவரியை எழுதி, இரண்டு தடவை திருப்பி வாசித்துக் காட்டுகிறார். அவர்கள் எரிச்சலில் கத்தினாலும் மூன்றாம் தடவையும் வாசிக்கிறார். அந்தச் சீட்டை வாங்க வருபவன் மச்சினன்தான். ஒருநாள் அவன் மேஜை முன்னால் தயங்கி நின்று, தான் முதலாளியிடம் போயிருக்கக் கூடாது என்று ஆரம்பித்தான்.

அவர் சீட்டைத் தள்ளினார். “நாலாவது மாடில ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க. நிக்காதே, போ.”