ரயில் செய்யப் போகிறவர்கள் பிந்தக் கூடாது

ரயில் பெட்டி செய்யப் படித்த ஆறு மாதமும் எனக்கு ஏச்சு விழுந்தது ரயிலால்தான். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அனுபவித்தவளுக்குத்தானே தெரியும் அந்த எரிச்சல்.

கொட்டாஞ்சேனைக்கு அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் என் கணவர். துறைமுகத்தில் அவரோடு வேலை செய்யும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ரயில் பெட்டிகளை இனி வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்காமல் இங்கேயே செய்யப் போகிறார்களாம். இரத்மலானையில் புதிதாக ஒரு பட்டறையாம். அதோடு சேர்ந்த பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் வெல்டிங் படித்துச் சோதனை பாஸ் பண்ணினால் அங்கேயே நிரந்தர வேலையாம். பெண்களும் சேரலாமாம். நான் பதின்மூன்று வருஷம் தைத்த கார்மென்ட் தொழிற்சாலையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். முப்பத்தொன்பது வயதுக்காரிக்கு இனி யார் வேலை தரப் போகிறார்கள் என்று வீட்டில் கிடந்தவள், அடுத்த நாளே போய்ப் பெயரைப் பதிந்தேன்.

வெல்டிங் எனக்குப் பிடித்துவிட்டது. துணியோ தகடோ, கை நடுங்காமல் ஒரே வேகத்தில் போக வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் மாதம் முற்றத்தில் நின்ற மாதிரிப் பெட்டிக்குப் படி பற்றவைக்கிற வேலையை என்னிடமே தந்தார்கள்.

வினை வாசலில் இருந்தது, விரல் வைக்கிற மெஷின். எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் பிந்தினாலும் அன்றைக்கு நாம் வரவில்லை என்று பதிந்துவிடும். நூற்றுக்கு எண்பது வரவு இல்லாவிட்டால் சோதனைக்கு விடமாட்டார்கள்.

கோட்டையில் நான் ஏறும் ரயிலில், கொம்பனித்தெருவில் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஏறுவாள். இருபத்திரண்டு வயது, என்னைவிடக் கெட்டிக்காரி. வெள்ளவத்தை தாண்டினால் ரயில் எங்கே நிற்கும் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு நாள் எஞ்சின் சூடு, ஒரு நாள் பிரேக், ஒரு நாள் காரணமே இல்லை. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்போம். காதலிக்க வந்தவர்களுக்குக் கடல் நல்லதுதான். மணி ஏழே முக்கால் ஆனவர்களுக்கு அதைப் பார்க்கவே வெறுப்பாக இருக்கும்.

"அக்கா, நாளையில இருந்து பஸ்ல போவமா?" என்று அவள் எத்தனையோ தரம் கேட்டாள்.

"ரயில் செய்யப் போறவை பஸ்ஸில போறதா? வெட்கமில்லையா?" என்று நான்தான் அவள் வாயை அடக்கினேன். வீட்டில் இவரும் சொன்னார், "உன்ர வீம்பு அந்த ரயிலுக்குத் தெரியுமோ?" என்று. கேட்டேனா? இல்லை.

பிந்திய நாளெல்லாம் ரயில்தான் பிந்தியது என்று ஸ்டேஷனில் கடிதம் வாங்கிக்கொண்டு போனோம். பயிற்சி நிலையத்து மேனேஜர் அதைக் கையால்கூடத் தொடவில்லை. "நங்கி, கடிதத்தை மெஷினுக்குள் போட முடியுமா?" என்று, தங்கச்சி முறை சொல்லி, சிங்களத்தில் கேட்டார். "அது மெஷின் கணக்கு. என் கையில் ஒன்றுமில்லை." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியும் மெஷினைக் காட்டிவிட்டுத் தப்பிக்கொண்டார்.

கடைசி மாதம் அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள் குறைவு என்று நிறுத்திவிட்டார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். இப்போது வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் பில் போடுகிறாள். இரண்டு கிழமை கழிந்து சோதனைப் பட்டியல் ஒட்டினார்கள். அதில் என் பெயரும் இல்லை. எனக்கு ஒரு நாள் குறைவு.

அந்த வெள்ளிக்கிழமையே மேனேஜர் கூப்பிட்டார். "நாளைக்குப் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஒரு பெண் வெல்டிங் செய்து காட்ட வேண்டும். உங்களுடையதுதான் நல்ல கை."

"சோதனைக்கு விடாத கை எப்பிடி சேர் நல்ல கை?"

"அது வேறு, இது வேறு."

"அப்ப நீங்களே முகமூடியைப் போட்டுக்கொண்டு செய்து காட்டுங்கோ. இல்லாட்டி எனக்கு நாளைக்கு வரவு போடுங்கோ."

"சனிக்கிழமை மெஷின் வேலை செய்யாதே, நங்கி!"

சனிக்கிழமை போனேன். பஸ்ஸில் போனேன். ஏழரைக்கே இரத்மலானையில் இறங்கி நின்றபோது என்னையே அறையலாம் போல இருந்தது. முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு மெஷினுக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்தேன், வரவு போடாமல் எழும்பமாட்டேன் என்று. எட்டு மணிக்கு வருவதாகச் சொன்ன பெரிய ஆட்கள் பத்தரைக்கு வந்தார்கள். மெஷின் அவர்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வாகனங்கள் கேற்றுக்குள் நுழைவதைக் கண்டதும் மேனேஜருக்கு வேர்த்தது. மேசை லாச்சியைத் திறந்து ஒரு கொப்பியை இழுத்தார். சட்டைப் பையில் இருந்த பேனாவால் என் இலக்கத்தை எழுதி, 'வரவு' என்று போட்டு, கையெழுத்தும் வைத்தார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"சரிதானே? எழும்புங்கள்."

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நான் எழும்பவில்லை. "சேர், அந்தப் பிள்ளைக்கும் எழுதுங்கோ. ரெண்டே ரெண்டு நாள்தான்."

"அவள்தான் இப்போது இங்கே இல்லையே" என்று கொப்பியை மூடினார்.

நான் எழும்பிப் போய் முகமூடியைப் போட்டேன். போடாமல் வந்திருக்கலாம். வேலை வேண்டியிருந்தது. பற்றவைத்த கோடு நூல் பிடித்த மாதிரி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பின்னேரம் அவள் போன் எடுத்தாள். "அக்கா, உங்களைச் சோதனைக்கு விட்டுட்டாங்களாமே! வகுப்புப் பிள்ளைகள் சொன்னாங்க."

"ஓம்."

"எப்பிடி அக்கா? மெஷின் கணக்கை மாத்த ஏலாதெண்டுதானே சொன்னவங்க?"

அவளுக்குப் பின்னால் கடையில் யாரோ சீலைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பேனாவால் எழுதினார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "திரும்ப எண்ணிப் பார்க்க நாள் சரியா இருந்ததாம்" என்று பொய் சொன்னேன்.

"அப்படியா?" என்றாள். "அப்ப என்ட நாளையும் ஒருக்கா எண்ணிப் பார்க்கச் சொல்லுங்களேன், அக்கா."