ஒற்றைக்கால் காக்கையின் பரீட்சை

சித்தி காக்கைகளுக்குப் பரீட்சை வைத்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே மீன் துண்டு. பக்கத்தில் செருகிய குச்சியை இழுத்தால் மூடி திறக்கும். யாரும் சொல்லித்தராமல் காக்கை அதைக் கண்டுபிடிக்கிறதா என்பதுதான் சித்தியின் ஆராய்ச்சி. பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா, "காக்காவுக்கா தெனம் மீனு வாங்கிக்கினு போற? நல்லா கீதும்மா உன் படிப்பு!" என்று சிரிப்பார்.

மாதங்கள் போயின. எந்தக் காக்கையும் தேறவில்லை. தினமும் முதலில் வரும் ஒற்றைக்கால் காக்கைகூட பெட்டியைக் கொத்திவிட்டுப் பசியோடு பறந்துவிடும். ஒருநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சித்தி அழுததைப் பார்த்தேன். மறுநாள் அவளுக்கு முன்பே மாடிக்கு ஓடி, குச்சியை முக்கால்வாசி இழுத்து வைத்தேன். காக்கை கொத்தியதும் மூடி திறந்துகொண்டது. சித்தி என்னைத் தூக்கிச் சுற்றினாள்.

அதன்பின் தினமும் அதே வேலை. சில நாள் தூங்கிப்போவேன்; அன்று காக்கை தேறாது. "கத்துக்கிறப்ப மறக்கத்தான் செய்யும், நம்மள மாதிரியே," என்று சித்தி அதையும் எழுதிக்கொண்டாள்.

ஒரு புதன்கிழமை, "என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டுற சார் சனிக்கிழமை நேர்ல பார்க்க வர்றாருடி," என்றாள்.  அன்று பள்ளியில் டிபன் டப்பாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

சனிக்கிழமை நான் மாடிக்குப் போனபோது சித்தி ஏற்கெனவே பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காக்கை வந்தது. கொத்தியது. மூடி அசையவில்லை.

"அவசரமில்ல, செய்யும்," என்றாள் சித்தி.

"செய்யாது சித்தி. நான்தான் குச்சியை இழுத்து வெச்சேன்."

சித்தி குறிப்பு நோட்டை எடுத்துப் புரட்டினாள். "எந்த நாள்லேர்ந்து? எந்தெந்த நாளு?"

பயத்தில் எனக்கு எதுவுமே நினைவுக்கு வரவில்லை. "தெரியல," என்றேன்.

அவள் போனை எடுத்தாள். "சார், வர வேண்டாம். பெட்டிய நான் சரியா கவனிக்கல. குறிப்பெல்லாம் தப்பு." என் பெயரைச் சொல்லவில்லை. பிறகு உட்கார்ந்து, நோட்டில் ஒவ்வொரு பக்கமாகக் குறுக்கே கோடு போட்டாள்.

திட்டு விழவில்லை. தப்பித்தோம் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். அடுத்த வருஷமும் விடிகாலையில் சித்தி அதே பெட்டியோடும் ஒரு புது நோட்டோடும் அதே மாடியில் நின்றாள். காக்கைகளை அவளுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.